படத்தில் இருப்பவள் தர வேண்டிய ஜீவனாம்சம்

வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் மூன்றாவது சுவரையும் எடுத்துக்கொண்டு போனார். குட்டியானை வண்டியில் ஏற்றினார். சுவருக்கு அடிபடக் கூடாதென்று பழைய மெத்தை ஒன்றை அடியில் விரித்திருந்தார். நல்ல மனுஷன்தான். சுவரில் இருந்த ஆணிகளைப் பிடுங்கி, ஒரு டம்ளரில் போட்டு, சுடர்க்கொடியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

"ஆணி உங்களுது. சுவரு என்னுது."

"ஜீவனாம்சம் வந்ததும் பாக்கியைக் குடுத்துடறேன் அண்ணே."

"போன சுவருக்கும் இதையேதாம்மா சொன்னீங்க."

"கேஸு நடக்குதுண்ணே."

"நடக்கட்டும். நான் வேணாங்கிறனா? அடுத்த மாசம் வரேன். அந்த ஒண்ணையும் காலி பண்ணி வைங்க."

அந்த ஒன்று மேற்குச் சுவர். அதுவும் போனால் கூரை எதன்மேல் நிற்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் கூரைக்குத் தனி வாடகை போட்டுவிடுவார்.

மேற்குச் சுவரில் அவளுடைய படம் மாட்டியிருந்தது. கல்லூரி முடித்த வருஷம் ஸ்டுடியோவில் நின்று எடுத்த படம். கறுப்பு அங்கி ஸ்டுடியோக்காரருடையது. தொப்பியும் அவருடையது. கையில் சுருட்டிப் பிடித்திருப்பது பட்டம் இல்லை. அது ஸ்டுடியோவில் தொங்கிய மாதக் காலண்டர். நிஜப் பட்டம் வர இன்னும் மாதங்கள் இருந்தன. அதுவரைக்கும் அவள் அம்மா பச்சையம்மாளால் பொறுக்க முடியவில்லை. பச்சையம்மாள் சித்தாள். அந்த ஊரில் எழும்பிய மாடிகள் பாதி அவள் தலைமேல் ஏறிப் போனவை. மகளின் பி.காம் படிப்பும் அப்படித்தான் போனது.

அந்தப் படத்தின் ஒரு பிரதியைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை குணசீலன். ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருந்தான். படத்தைப் பார்த்து, பெண் படித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டான். பிறகு, "எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கம் இல்லை" என்றான். "அதுக்கென்ன மாப்ள, வீட்டுலயே இருக்கட்டும்" என்றாள் பச்சையம்மாள். சுடர்க்கொடியை யாரும் கேட்கவில்லை. எட்டு வருஷம் கழித்து, ஒத்துவரவில்லை என்று சொல்லி விவாகரத்து வாங்கினான். அது சட்டென்று கிடைத்தது. சட்டென்று கிடைப்பதெல்லாம் அவனுக்குத்தான்.

அவள் வேலை தேடாமல் இல்லை. ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கேட்டார்கள்.

"நடுவுல எட்டு வருஷம் எங்க இருந்தீங்க?"

"சமையலறையில."

ஆடிட்டர் சுவரில் இருந்த இந்திய வரைபடத்தில் விரலை வைத்துத் தேடினார். வடகிழக்கு வரைக்கும் போய்ப் பார்த்தார்.

"அப்படி ஒரு இடமே இல்லையேம்மா," என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

ஆகவே ஜீவனாம்சம் ஒன்றுதான் கதி. அது வந்தால் சுவர் நிற்கும். வராவிட்டால் நிற்காது. இதைவிட எளிமையாக ஒரு வழக்கு இருக்க முடியாது என்று அவள் நினைத்தாள்.

வழக்கு தொடங்கியபோதே வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை. இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். பெண்களுக்கு அங்கே வருமானம் எவ்வளவு என்றெல்லாம் கேட்பதில்லை. பெண்ணாக இருந்தால் போதும். அதை மேலும் கீழும் பார்த்து உறுதி செய்துகொண்டு வக்கீலை அனுப்பினார்கள்.

வக்கீல் தேவசகாயத்தின் இடது பாதி வந்தது.

அரை கோட்டு, ஒற்றைக் கண்ணாடி, ஒரு செருப்பு. இடது பாதி நேராகத்தான் நின்றது. யாரும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

"வலது பாதி எங்க சார்?"

"அது பிரைவேட் கேஸுக்குப் போயிருக்கு. இலவசத்துல இது மட்டும்தான்."

"பரவால்ல சார். விவாகரத்து ஆன பிறகும் ஜீவனாம்சம் கேக்கலாமா?"

"தாராளமா. நீங்க மறுபடி கல்யாணம் பண்ணிக்காத வரைக்கும், உங்களால உங்களையே காப்பாத்திக்க முடியாத வரைக்கும்..."

அவள் காத்திருந்தாள். அரை வாய் மூடிக்கொண்டது.

"வரைக்கும்?"

"மீதி வலது பக்கம் இருக்கும்மா."

"நான் படிச்சிருக்கேன்னு அவங்க சொல்லுவாங்க சார்."

"சொல்லட்டும். முடியும்கிறது வேற. சம்பாதிக்கிறது வேற. இதை மட்டும் நீங்க கோர்ட்டுல..."

இதுவும் அங்கேயே நின்றது. அரை வாக்கியங்களை அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்லிப் பழகினாள். சுவர் இல்லாத வீட்டில் தனியாகப் பேசினால் தெருவே கேட்கும். எதிர்வீட்டுக்காரி தன் ஜன்னலைச் சாத்தினாள். ஜன்னல் இருக்கிறவர்களுக்கு அந்த வசதி உண்டு.

குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரம் வாய்தாவுக்கு வாய்தா நீண்டது. முதல் தடவை போனபோது டவாலி பெயர் கூப்பிடும் சத்தம் காதருகே கேட்டது. பிறகு அது எங்கோ ஏரிக்கரையிலிருந்து வருவதுபோல வந்தது. மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவதற்குள் உள்ளே நிற்காவிட்டால் வழக்கு தள்ளுபடி. பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்கள். ஆண்களின் பெயர்கள் மட்டும் பக்கத்து டீக்கடையில் போய் நிதானமாகக் கூப்பிடப்பட்டன.

ஓடிப் போய் நின்றால் நீதிபதி வாய்தா கொடுப்பார். அங்கே வாய்தா என்பது செங்கல். பெஞ்ச் கிளார்க் மேஜைக்கடியிலிருந்து எடுத்து நீட்டுவார். சூளைக்காரர் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த தேதி அழுத்தியிருக்கும். அந்தத் தேதிக்கு அதைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்டினால் இன்னொரு கல் கிடைக்கும்.

தாழ்வாரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இரண்டு கட்டைப்பைகள் வைத்திருந்தாள்.

"உனக்கு எவ்வளவு சேர்ந்துச்சு?" என்று கேட்டாள்.

"கட்டிலுக்கடியில அடுக்கி வெச்சிருக்கேன்க்கா."

"நான் ஷேர் ஆட்டோல கொண்டாறேன். எம் புருஷன் சைடு வக்கீலு ரொம்ப நல்லவரு. ஒவ்வொரு தடவையும் அவருக்குத்தான் ஜுரம் வருது."

குணசீலனும் ஒழுங்காக வந்தான். ஆனால் ஆள் குறைந்துகொண்டே வந்தான். கடை அம்மா பேரில் இருக்கிறது என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்த அன்று இடுப்பளவு ஆனான். வீடு அண்ணன் பேரில் என்றான். முழங்காலளவு ஆனான். வருமானம் ஒன்றும் இல்லை, அண்ணன் போடும் சோறுதான் என்று சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு அண்ணனின் சட்டைப் பையில்தான் வந்தான். பைக்குள்ளிருந்து தலையை நீட்டி, சுடர்க்கொடியைப் பார்த்து, "எங்கிட்ட என்னடி இருக்கு? வந்து எடுத்துக்க" என்றான். குரல் மட்டும் குறையவில்லை.

"இவரிடம் வாங்கினால் இவர் காணாமலே போய்விடுவாரே," என்றார் நீதிபதி. கவலையோடு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சாட்சிக்குப் பச்சையம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். மகள் கையில் காசில்லாமல் கஷ்டப்படுகிறாள் என்று சொன்னால் போதும். முந்தின நாளே சுடர்க்கொடி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"அம்மா, பெருமையா எதுவும் பேசிடாத. கஷ்டம்னு மட்டும் சொல்லு."

"எனக்குத் தெரியாதாடி? கஷ்டத்தைப் பத்தி எனக்கே சொல்லித் தரியா?"

மறுநாள் பச்சையம்மாள் கூண்டில் ஏறினாள். சும்மாட்டுத் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அது தேவசகாயத்தின் வலது பாதி.

சுடர்க்கொடி இடது பாதியின் காதில் கேட்டாள்.

"சார், அது நீங்கதானே?"

"அது என் பிரைவேட் பிராக்டிஸ்மா," என்றது இடது பாதி. கோர்ட்டுக்குள் அது முழுசாக முடித்த வாக்கியம் இது ஒன்றுதான்.

வலது பாதி பச்சையம்மாளிடம் மிகவும் மரியாதையாகப் பேசியது.

"அம்மா, உங்க பொண்ணுக்குப் பொழைக்கத் தெரியாது. அப்படித்தானே?"

பச்சையம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கணக்குத் தெரியாது. நாலு பேர்கிட்டப் பேசத் தெரியாது. ஏதோ காலேஜுக்குப் போயிட்டு வந்திருக்கு. பாஸாச்சோ என்னமோ. அப்படித்தானே?"

"அம்மா," என்றாள் சுடர்க்கொடி, கீழேயிருந்து.

"கல்லு சுமக்கிறவங்க வீட்டுப் பொண்ணு. அதுக்கு மேல எங்க வரும்? சரிதானேம்மா?"

"யாரைப் பாத்துடா அப்படிச் சொல்ற?" என்றாள் பச்சையம்மாள். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு பி.காமு. பர்ஸ்ட் கிளாஸு. எங்க தெருவுலயே மொதப் படிப்பு அதுதான். நீ பாதியா நிக்கிற. அவ முழுசாப் படிச்சவ. எங்க கொண்டுபோய் விட்டாலும் பொழச்சுக்கும்!"

தட்டச்சு இயந்திரம் கடகடவென்று அடித்தது. பச்சையம்மாள் முகம் பூரிக்க இறங்கி வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கட்சிக்காரர் வேலை இல்லாமல், வருமானம் இல்லாமல்..." என்று ஆரம்பித்தது இடது பாதி.

"...இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஐயா," என்று முடித்தது வலது பாதி.

"இரு தரப்பினரும் ஒரே வாக்கியத்தில் உடன்படுகிறார்கள்," என்றார் நீதிபதி. "பிழைத்துக்கொள்ளும் என்று தாயே சொல்கிறார். அப்படிப் பிழைக்கக்கூடியவரை ஆஜர்படுத்துங்கள்."

டவாலி தாழ்வாரத்துக்குப் போய், "பட்டதாரி சுடர்க்கொடி" என்று கூப்பிட்டார். ஒரே தடவைதான் கூப்பிட்டார்.

படத்தில் இருந்தவள் உள்ளே வந்தாள். கறுப்பு அங்கி, தொப்பி, கையில் சுருட்டிய காலண்டர். ஓடி வந்ததுபோலத் தெரியவில்லை. மூச்சு வாங்கவில்லை. பல் தெரியாமல் சிரிம்மா என்று ஸ்டுடியோக்காரர் சொன்ன அதே சிரிப்பு.

"நீங்க பட்டதாரியா?" என்று கேட்டார் நீதிபதி.

சிரித்தாள்.

"வேலை செய்து சம்பாதிக்க முடியுமா?"

சிரித்தாள்.

"மனுதாரரை வைத்துக் காப்பாற்றச் சம்மதமா?"

அவளுக்கு வேறு முகம் கிடையாது.

சுடர்க்கொடி எழுந்தாள். வீட்டில் பழகிய வாக்கியம் தொண்டை வரை வந்திருந்தது.

"ஐயா, அவ கல்யாணத்துக்கு முந்தினவ. அவளுக்கு எல்லாம் முடியும். நான் எட்டு வருஷம் கழிச்சு வந்தவ. வேலைக்குப் போகாதேன்னு வெச்சிருந்தவரு அந்தப் பையில உக்காந்திருக்காரு. முடியும்கிறது வேற, சம்பாதிக்கிறது வேற."

"இது யாருடைய வாக்கியம்?" என்றார் நீதிபதி.

"பாதி வக்கீலோடது. மீதி என்னுது."

"கலப்பு வாக்கியத்தை அப்படியே பதிவு செய்ய முடியாதும்மா."

தட்டச்சர் அதிலிருந்து 'முடியும்' என்ற சொல்லை மட்டும் அடித்துக்கொண்டார்.

உத்தரவு அன்றே வந்தது. குணசீலன் எதுவும் தர வேண்டியதில்லை. மனுதாரருக்கு மாதாமாதம் ஜீவனாம்சம் தர வேண்டியவள் படத்தில் இருப்பவள். அண்ணனின் சட்டைப் பைக்குள்ளிருந்து கைதட்டும் சத்தம் கேட்டது.

மேல்முறையீடு செய்யலாம் என்றது இடது பாதி. ஆனால், என்றது. அவ்வளவுதான். சுடர்க்கொடி ஆனாலுக்குப் பிறகு என்ன என்று கேட்காமலே மனு போட்டாள். அதற்கும் கல் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அன்று பஸ்ஸில் மூன்று பேரும் வந்தார்கள். கண்டக்டர் படத்தில் இருப்பவளைப் பார்த்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

"நான் என்னடி தப்பாச் சொல்லிட்டேன்?" என்றாள் பச்சையம்மாள். "பி.காம்னுதானே சொன்னேன்?"

"வாய மூடும்மா."

"அவன் அப்படிக் கேட்டா எப்படிடி சும்மா இருக்கிறது?"

"மூடுன்னு சொல்றேன்ல."

பச்சையம்மாள் மூடிக்கொண்டாள். ஊர் வரும்வரை கண்ணைத் துடைத்தபடியே வந்தாள். முன் சீட்டில் படத்தில் இருப்பவள் சிரித்துக்கொண்டு வந்தாள். சுடர்க்கொடிக்கு இருவரையும் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. யாரை முதலில் என்று முடிவு செய்வதற்குள் ஸ்டாப் வந்துவிட்டது.

மறுநாளே படத்தில் இருப்பவளுக்கு வேலை கிடைத்தது. அதே ஆடிட்டர் ஆபீஸ். இளவயசு, சிரித்த முகம், நடுவில் காணாமல் போன வருஷம் எதுவும் இல்லை. ஆடிட்டர் வரைபடத்தின் பக்கம் திரும்பவே இல்லையாம்.

காலையில் ஆணியிலிருந்து இறங்கிப் போவாள். சாயங்காலம் வந்து ஆணியில் ஏறிக்கொள்வாள். சாப்பிடுவதில்லை. பேசுவதில்லை. மாதம் முடிந்ததும் சம்பளக் கவரை நீட்டினாள். வீட்டுக்காரர் குட்டியானையில் ஒரு சுவரைத் திருப்பிக் கொண்டுவந்து தெற்குப் பக்கம் நிறுத்தினார். அது வேறு யாருடைய சுவரோ. பச்சைப் பெயிண்ட் அடித்து, ஒரு குழந்தை பென்சிலால் கிறுக்கியிருந்தது.

"ஸ்டாக்குல இதுதாம்மா இருக்கு. வடக்குச் சுவரு அடுத்த மாசம். தெருப்பக்கத்துச் சுவரு அதுக்கப்புறம்."

சுடர்க்கொடி பல நாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். அங்கியின் ஓரம் கிழிந்திருந்ததைத் தைத்துக் கொடுத்தாள். ஆணியில் நின்றிருந்தவளை நிமிர்ந்து பார்த்தாள். இவளுக்கு இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்தாள். பொறாமையா பரிதாபமா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் இவள் இருக்கிற வரைக்கும்தான் சோறு. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

வடக்குச் சுவரும் வந்து சேர்ந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை குணசீலன் பெண் பார்க்க வந்தான்.

ஆள் முழு உயரத்துக்கு வந்திருந்தான். உத்தரவு வந்த மறுவாரமே கடையும் வீடும் அவன் பேருக்குத் திரும்பிவிட்டன. முன்பைவிட இரண்டு விரல் கூடுதலாகவே இருந்தான். அண்ணன் தட்டு ஏந்தியிருந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைச் சரம். வீடு எங்கே தொடங்குகிறது என்று தெரியாததால் தெருவிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"போட்டோ வந்துச்சு. பொண்ணு புடிச்சிருக்கு," என்றார் அண்ணன்.

குணசீலன் சுடர்க்கொடியைப் பார்த்தான். அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நீங்க பொண்ணுக்கு என்ன வேணுங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"செலவு," என்றாள் சுடர்க்கொடி.

"அப்படிங்களா," என்றான். "கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் முடியாதுங்க."

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறோம். எங்க வீட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கம் இல்லை."

எல்லோரும் பச்சையம்மாளைப் பார்த்தார்கள். அவள் காபி டம்ளரோடு நின்றிருந்தாள். அந்த இடத்தில் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே சொன்னவள்தானே. அவள் உதடு அசைந்ததைச் சுடர்க்கொடி பார்த்தாள். அதுக்கென்ன என்று ஆரம்பிக்கப் போகிறாள். அது வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான்.

அப்போது படத்தில் இருப்பவள் பேசினாள். சிரிப்பு கலையாமலே பேசினாள்.

"எங்கிட்ட கேக்க மாட்டியாம்மா?"

பச்சையம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். காபி ஆறுவதற்குள் அவளுக்கு வயசு கூடிவிட்டதுபோல இருந்தது.

"சுடரு," என்றாள். "கட்டிலுக்கடியில இருக்கிற கல்லையெல்லாம் எடு."

தெருப்பக்கத்துச் சுவரைக் கட்டினார்கள். சிமெண்ட் இல்லை. மண்ணைக் குழைத்துக்கொண்டார்கள். பச்சையம்மாள் ஆயுசுக்கும் கல் தூக்கியவள். வைத்ததில்லை. கொத்தனார்கள் வைக்க விட்டதில்லை. சுவர் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுந்தது. தேதி தெரியும்படி கற்களை அடுக்கினார்கள். ஜனவரி மேல் மார்ச், மார்ச் மேல் ஜூன். ஜீவனாம்சம் வராமல் போன வருஷங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. படத்தில் இருப்பவள் காலண்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு கல் எடுத்துக் கொடுத்தாள்.

தெருப்பக்கம் அவர்கள் எழுந்திருக்கவில்லை. சுவர் முழங்கால் வரைக்கும் வந்தபோது அண்ணன் நாள் குறிப்பதைப் பற்றிப் பேசினார். இடுப்பு வரைக்கும் வந்தபோது மண்டபம் பற்றிப் பேசினார். பிறகு குரல் மட்டும் வந்தது.

சுவர் முடிய ஒரு கல் குறைந்தது.

மற்றதெல்லாம் அடைந்துவிட்டது. ஒரு கல்லளவு ஓட்டை மட்டும் நெஞ்சு உயரத்தில் நின்றது. பச்சையம்மாள் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தாள். ஆணி போட்ட டம்ளரைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தாள்.

ஓட்டை வழியாகக் குணசீலனின் கை உள்ளே வந்தது. கையில் மல்லிகைச் சரம். படத்தில் இருப்பவள் அந்தப் பக்கம் திரும்பினாள். வெளியிலிருந்து குனிந்து பார்த்தவனுக்கு அவள் முகம் தெரிந்தது.

"பொண்ணு சிரிக்குதுண்ணே," என்று அவன் சொல்வது கேட்டது. "சம்மதம்தான்."

சுடர்க்கொடி அந்தக் கையை வெளியே தள்ளினாள். ஓட்டையில் முதுகை வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். படத்தில் இருப்பவள் அவளுக்கு எதிரே நின்று சிரித்தாள்.

"ஒரே ஒரு கல்லுதாண்டி," என்றாள் பச்சையம்மாள். "அடுத்த வாய்தா என்னைக்கு?"

"மே மாசம்மா. கோர்ட்டு லீவு."

"எப்பத் தொறக்கும்?"

முதுகில் மல்லிகைச் சரம் குத்திக்கொண்டிருந்தது. சுடர்க்கொடி கால்களை இன்னும் கொஞ்சம் அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

"தொறக்கட்டும்," என்றாள்.